காலிப்பர் பட்டைக்கு ஊசி

அம்மாவின் போலியோ காலில் மாட்டும் இரும்புக் காலிப்பரின் தோல்பட்டை, நேற்று செம்பூர் ஸ்டேஷன் படியில் தையல் பிரிந்தது. விழுந்தாள். இன்றும் டூட்டிக்குப் போகாவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவார்களாம்.

தடித்த நூல்தான் நிற்கும். அதற்குத் தடித்த ஊசி வேண்டும். வாங்கிவந்த ரெண்டு ஊசியும் எங்கள் கைத் தையல்மெஷினில் ஊசி மாட்டும் தண்டின் ஓட்டைக்குள் நுழையவில்லை.

அண்ணன் மாரிக்கண்ணன் டிரில்லை எடுத்தான். "ஓட்டையப் பெருசாக்கிருவோம்."

"தண்டு விரிசல் விட்டா மெஷினே போச்சு. ஊசித் தலையத் தேய்ப்போம்" என்றேன்.

"ஏட்டி, பி.காம்ல இதும் சொல்லித் தந்தானா?"

"மூளை இருக்குல்லா, அது போதும்."

சாணையில் தேய்த்து மாட்டி, கைப்பிடியைச் சுற்றினேன். தோலை அழுத்திப் பிடிக்கும் பாதத்தின் துளையில் மோதி ஊசி ஒடிந்தது. அந்தத் துளையை நான் யோசிக்கவே இல்லை. அண்ணன் சிரித்தான்.

அரத்தால் துளையை அகலமாக்கினேன். மிச்சமிருந்த ஊசியையும் தேய்த்து மாட்டினேன். மெதுவாகச் சுற்றினேன். ஊசி இறங்கியது, அடியிலிருந்த கொக்கி நூலைப் பிடித்தது. அண்ணன் டிரில்லை உள்ளே வைத்துவிட்டு, நான் தைக்கத் தைக்கப் பட்டையை நகர்த்திக் கொடுத்தான்.

அம்மா பட்டையை மாட்டி, தரையில் ரெண்டு தடவை ஓங்கி மிதித்தாள். தையல் அசையவில்லை. தாங்கப்போன என் கையைத் தட்டிவிட்டாள்.

"வழிய விடுட்டி, டிரெய்ன் போயிரும்."