ஐஸ் மீன்

கிண்டி அலுவலகத்தின் சாப்பாட்டு அறையில், ஓவனுக்கு மேலே ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. 'வாடை அடிக்கும் உணவுகளைத் தயவுசெய்து இங்கே சூடாக்காதீர்கள்' என்று மட்டும்தான் அச்சடித்திருந்தார்கள். அதற்குக் கீழே பேனாவால் ஒரு மீனை வரைந்துவிட்டுப் போன புண்ணியவான் யாரென்று நர்மதாவுக்குத் தெரியாது. யாரை மனதில் வைத்து வரைந்தது என்று தெரியும். அந்த மாடியில் டப்பாவில் மீன் குழம்பு கொண்டுவருகிற ஆள் அவள் ஒருத்திதான்.

நேராக டீம் லீட் மோகனப்ரியாவிடம் போனாள்.

"இதை ஒட்டுனது நீங்களா?"

"பர்சனலா எடுத்துக்காதே நர்மதா. எனக்கும் மீன் பிடிக்கும். போன வாரம் சுஷி சாப்பிட்டேனே, போட்டோ பார்த்தேல்ல? பச்சை மீன்தான், துளி வாடை இல்ல. உங்க ஏரியா மீன்தான் கொஞ்சம்…"

"எங்க ஏரியா மீன் வேற கடல்லயா நீந்துது?"

பக்கத்து மேசைகளில் தட்டச்சுச் சத்தம் நின்றது. நர்மதாவுக்கு வாய் நிற்கவில்லை. "வெள்ளிக்கிழமை டீம் லஞ்சுக்கு ஆளுக்கு ஒரு அயிட்டம் கொண்டுவரணும்ல? ஜப்பான்காரன் செய்யிற மாதிரி பச்சை மீன் சாலட் நான் கொண்டுவரேன். எங்க ஏரியா மீன்ல. ஒருத்தர் மூக்கைச் சுளிச்சாலும் அப்புறம் எனக்கு தினமும் தயிர்சாதம். யாரும் சுளிக்கலைன்னா அந்தக் காகிதத்தை நீங்களே கிழிக்கணும்."

இத்தனை பேர் பார்க்கும்போது மோகனப்ரியாவால் வேறென்ன சொல்ல முடியும். சரி என்றாள்.

மெட்ரோவில் திருவொற்றியூர் திரும்பும்போதுதான் பந்தயம் கட்டியது உறைத்தது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள். நுண்ணுயிரியல் படித்துவிட்டு, யாரோ எவரோ போட்ட இன்சூரன்ஸ் விண்ணப்பங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். படித்தது எதற்காவது உதவும் என்றால் இப்போது உதவினால்தான் உண்டு.

வீட்டில் அப்பா டில்லிபாபு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சொந்தமாக ஃபைபர் படகு வைத்திருப்பவர்.

"நைனா, எனக்கு ஒரு சூரை மீனு வேணும்."

"சூரையா? எந்தப் பூனைக்கு?"

"எனக்குத்தான். படகுல ஏத்துனதும் செவுளை அறுத்து ரத்தத்தை வடியவுட்டு, கொடலை எடுத்துட்டு, அப்பவே ஐஸ்ல போட்டுடணும்."

ஐஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் அம்மா குப்பம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். விடியுமுன் போய் மத்தியானம் கரைக்கு வரும் படகு மீனை, ஒரு துண்டு ஐஸ் படாமல் விற்பவள் என்பதுதான் அவளுக்கு மார்க்கெட்டில் இருந்த பேர். ஆழ்கடலில் நாள்கணக்காகக் கிடந்து வரும் மீனைத்தான் 'ஐஸ் மீன்' என்பார்கள். அந்தத் தெருச் சண்டைகளில் அது வசைச்சொல்லாகவே புழங்கியது.

"என் வூட்டு வாசல்ல ஐஸ் பொட்டி எறங்குச்சுன்னா நாளைக்கு எவ எங்கைல மீன் வாங்குவா? பேஜாரு பண்ணாதடி."

"எம்மா, பச்சையா துன்றதுக்கும்மா. சூரை வெயில்ல கொஞ்சம் கெடந்தாலே அரிப்பு வர்ற விஷம் ஊறிடும். அப்பால வேகவச்சாலும் போவாது."

"பச்சையாவா? கலீஜ்."

அப்பா மட்டும் புதன்கிழமை சொன்னபடி செய்தார். படகிலிருந்த மற்றவர்கள், மீனுக்குச் சளி பிடிக்கப்போகிறது என்று கேலி பேசினார்களாம். ஆனால் நர்மதா வேலை முடிந்து வந்து பார்த்தபோது, மீன் ஐஸில் இல்லை. வாசலில், எல்லோர் கண்ணிலும் படும்படி, வெறும் பலகைமேல் கிடந்தது.

"எதிர்வூட்டு மலரு ரெண்டு வாட்டி எட்டிப் பாத்துட்டுப் போனா," என்றாள் குப்பம்மா. "அதான் வெளில எடுத்து வச்சேன். பாரு, எப்டி தளதளன்னு கீது."

நர்மதா விரலால் அழுத்தினாள். பள்ளம் விழுந்தது, திரும்ப எழவில்லை. இனி இதைப் பச்சையாகத் தின்ன முடியாது. பலகைக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஆபீஸ்ல ஒரு காயிதம் ஒட்டிகிறாங்கம்மா. நாறுற சோறெல்லாம் இங்க சூடு பண்ணாதன்னு. அதுல ஒரு மீனு வேற வரைஞ்சு வச்சுகிறாங்க. நீ டப்பால போட்டுக் குடுக்கிறியே, அந்த மீனு."

குப்பம்மா மகள் பக்கம் திரும்பினாள்.

"என் மீனு நாறுதுன்னு எவ சொன்னா?"

"எல்லாருந்தான்."

குப்பம்மா எழுந்துபோய் அந்த மீனை மண்ணில் புதைத்துவிட்டு வந்தாள். கையைக் கழுவிக்கொண்டே கணவரிடம் சொன்னாள்: "நாளைக்கும் ஒரு சூரை வேணும். ஐஸ் ரொம்பி இருக்கணும். பத்தலைன்னா கரையேறாத."

வியாழன் மாலை நர்மதா தெருமுனை திரும்பும்போதே பார்த்துவிட்டாள். அம்மா வாசலில் தெர்மாகோல் பெட்டிமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே இடுப்பில் கைவைத்தபடி எதிர்வீட்டு மலர்.

"இன்னா குப்பம்மாக்கா, பொட்டி மேல குந்திகினு கீற? கடைசில நீயும் ஐஸ் மீனுக்கு வந்துட்டியா?"

"ஆமா. ஐஸ் மீனுதான். ஜப்பான்காரன் துன்ற மீனு. உனக்கு இன்னா இப்போ?"

மலர் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். பால் வாங்கப் போகணும் என்று முனகிக்கொண்டே நகர்ந்தாள்.

வெள்ளி விடிந்ததும் குப்பம்மா அருவாமணையின் முன் உட்கார்ந்தாள். முள்ளை ஒட்டி வகுந்து, நடுவில் ஓடும் கருஞ்சதையைக் கீறி எறிந்தாள். மிச்சமிருந்தது மாதுளை நிறத்தில் பளபளத்தது. பழக்கதோஷத்தில் அவள் கை மஞ்சள்தூள் டப்பாவுக்குப் போக, நர்மதா தாவிப் பிடித்தாள்.

"கை சும்மா இருக்க மாட்டேங்குதுடி."

நர்மதா சதையைச் சின்னச் சின்னச் சதுரங்களாக நறுக்கினாள். ஃப்ரைட் ரைஸ் வண்டிக்காரர் தவ்ஃபீக்கிடம் கேட்டு வாங்கிய சோயா சாஸ், சில சொட்டு நல்லெண்ணெய், எலுமிச்சை, துருவிய இஞ்சி, வறுத்த எள். ஜப்பானியர்களின் பச்சைக் காரவிழுதுக்குப் பதிலாக அரைத்த கடுகு. அடியில் நரம்பு நரம்பாகச் சீவிய வெள்ளரியும் முள்ளங்கியும்.

"இன்னாடி இது, பர்மா கடையில அத்தோ நூடுல்ஸ் கலக்குற மாதிரி கலக்குற," என்று சொல்லிக்கொண்டே குப்பம்மா ஒரு துண்டை எடுத்தாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வாயில் போட்டாள். மென்றாள். ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"கரைஞ்சே போச்சு. இன்னொண்ணு குடு."

டில்லிபாபு சுவரோரம் நகர்ந்தார். "எனக்கு வேணாம். நான் கொழம்புலயே துன்னுக்கிறேன்."

மீன் தனி டப்பாவில், காய் தனி டப்பாவில், சுற்றிலும் ஐஸ். மெட்ரோ வாசலில் பையைச் சோதித்தவர் உள்ளே என்னவென்று கேட்டார். மீன் என்றாள். அவர் குனிந்து மோந்து பார்த்தார். "பொய் சொல்றியாம்மா?" என்றார். நர்மதா கிண்டி வரைக்கும் சிரித்துக்கொண்டே போனாள்.

மதியம் எல்லோரையும் கூட்டி வைத்துக்கொண்டு இரண்டு டப்பாவையும் கலந்தாள். முதலில் குனிந்தது மோகனப்ரியா. மூக்கை ஒருமுறை இழுத்தாள். நம்பாமல் இன்னொருமுறை இழுத்தாள். எலுமிச்சையும் எள்ளும்தான் மணத்தன. ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டாள். தட்டைக் கீழே வைக்காமல் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள்.

"எந்தக் கடையில வாங்கின?"

"எங்க நைனா புடிச்சது. எங்கம்மா அறுத்தது. திருவொற்றியூர் கடல்."

அதற்குள் பின்னாலிருந்து கரண்டிகள் நீண்டன. டப்பா காலியாகும்வரை ஒருவரும் மூக்கைச் சுளிக்கவில்லை. கடைசியில் அடியில் நின்ற சாற்றை யாரோ சாதத்தில் ஊற்றிக்கொண்டார்கள்.

"சரி, ஜெயிச்சுட்ட," என்றாள் மோகனப்ரியா. "திங்கக்கிழமை அதை எடுத்துடறேன்."

"இப்பவே எடுங்க."

எல்லோரும் பார்த்தபடி இருந்தார்கள். மோகனப்ரியா எட்டிக் கிழித்தாள். நாலு மூலையிலும் டேப் மட்டும் மிச்சம் நின்றது.

திங்கட்கிழமை குப்பம்மா கொடுத்தனுப்பியது சங்கரா மீன் குழம்பு. முந்தின நாள் வைத்தது, புளியும் காரமும் நன்றாக ஏறியிருந்தது. நர்மதா டப்பாவை ஓவனில் வைத்துப் பொத்தானை அமுக்கினாள். மணி அடித்ததும் கதவை அகலத் திறந்துவிட்டு, அவசரப்படாமல் நின்றாள். வாசனை சாப்பாட்டு அறையைத் தாண்டி, வராந்தாவைத் தாண்டி, மேசை மேசையாகப் போயிற்று.

"யாரோடது அது?" என்று யாரோ அங்கிருந்து கேட்டார்கள்.

"என்னுது," என்றாள் நர்மதா. "வேணும்னா தட்டோட வாங்க."