கடைசி ஆளின் மணி

இலையுதிர் காலத்தில் மலை பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வழியைப் பார்க்க மாட்டார்கள், மரத்தைத்தான் பார்ப்பார்கள். மஞ்சளும் செம்பழுப்புமாக இலை உதிர்வதை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தால் கால் எங்கே போகும்? அதனால்தான் அக்காவும் தம்பியும் நடத்திய ஒருநாள் மலைநடையில் ஒரு கண்டிப்பான முறை இருந்தது. அக்கா எல்லோருக்கும் முன்னால். தம்பி எல்லோருக்கும் பின்னால், கையில் ஒரு பித்தளை மணியோடு. திருப்பத்துக்குத் திருப்பம் அவன் மணியடிப்பான். மணி கேட்டால் கூட்டம் முழுசாக வருகிறது என்று அர்த்தம். அக்கா திரும்பிப் பார்க்கவே மாட்டாள். முன்னால் போகிறவளே திரும்பித் திரும்பிப் பார்த்தால் பின்னால் வருகிறவர்களுக்குப் பயம் பிடித்துக்கொள்ளாதா?

மணி கேட்காவிட்டால் "எல்லாரும் வந்தாச்சா?" என்று அவள் குரல் கொடுக்க வேண்டும். "வந்தாச்சு" என்று அவன் சொல்ல வேண்டும். அதுதான் ஏற்பாடு. ஆனால் அவன் என்றைக்கு ஒழுங்காகப் பதில் சொன்னான்? "வால் இன்னும் அறுந்து விழலக்கா, நீ நட" என்பான். கூட்டம் சிரிக்கும். எவ்வளவு திட்டியும் அந்த "வந்தாச்சு" அவன் வாயில் வந்ததே கிடையாது.

அன்றைக்குக் காலையிலேயே இருவருக்கும் முட்டிக்கொண்டது. இந்தப் பருவம் முடிந்ததும் துறைமுகத்தில் ஒரு வேலைக்குப் போகப்போகிறேன் என்று, வேனில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கிக்கொண்டே சொன்னான். அப்பா அம்மா போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவள் அவள். அவன் இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. வாயில் வந்தது வேறு.

"போனாப் போ. திரும்பி வரவே வேணாம்."

அவன் மணியை எடுத்துக்கொண்டு கடைசிக்குப் போய்விட்டான். சொன்ன நிமிஷமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. கீழே இறங்கியதும் சமாதானம் பண்ணிக்கொள்ளலாம் என்று நடந்தாள். அக்காக்கள் தம்பியிடம் தாழ்ந்து போவதென்றால் நாலு பேர் எதிரிலா போவார்கள்?

மத்தியானம் முகட்டைத் தாண்டியதும் பனிமூட்டம் இறங்கியது. முன்னால் போகிறவரின் முதுகு பின்னால் வருகிறவருக்குத் தெரியவில்லை. காலடியில் நனைந்த இலைகள் சத்தமே இல்லாமல் அமுங்கின. மணி மட்டும் வந்துகொண்டிருந்தது. பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் அதுவும் நின்றது.

வலப்பக்கம் வேனுக்குப் போகிற வழி. இடப்பக்கம் பழைய வழி. போன மழையில் அது பாதிக்குமேல் சரிந்து பள்ளத்தில் விழுந்துவிட்டதால் கயிறு கட்டி அடைத்திருந்தார்கள். கூட்டத்தில் கடைசியாக வந்த ஒரு பல் டாக்டரிடம் தம்பி எங்கே என்று கேட்டாள். ஷூ கயிறு அவிழ்ந்துவிட்டது, நீங்கள் போங்கள், இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் நின்றான் என்றார் அவர்.

அப்போது மணி அடித்தது. பின்னாலிருந்து அல்ல, இடப்பக்கம், கயிற்றுக்கு அப்பால், கீழேயிருந்து.

குறுக்கு வழியில் இறங்கியிருப்பான் போல, நாமும் அப்படியே போய்விடலாமே என்று டாக்டர் கயிற்றைத் தூக்கினார். அக்கா அவர் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"எல்லாரும் வந்தாச்சா?"

"வந்தாச்சுக்கா. இறங்கி வா."

அச்சு அசலாக அவன் குரல். ஆனால் அவனா ஒழுங்காகப் பதில் சொல்கிறவன்?

எல்லோரையும் ஒருவர் பையை ஒருவர் பிடித்துக்கொள்ளச் சொல்லி வலப்பக்கம் நடத்தினாள். வந்தவர்களைக் கீழே சேர்த்துவிட்டு உடனே திரும்பி ஏற வேண்டும், அது ஒன்றுதான் அவள் மனசில் ஓடியது. தம்பி பெயரைக் கூவிக் கூவித் தொண்டை கட்டிப்போனது. இடப்பக்கம் பனிக்குள் மணி கூடவே வந்தது.

வேனுக்கு வந்து பார்த்தால், தம்பி அதற்குள் உட்கார்ந்திருந்தான். கடைசி சீட்டில், மடியில் மணியோடு. எப்போதோ வந்துவிட்டான் என்றார் டிரைவர்.

அவளுக்கு உயிர் வந்தது. ஓடிப்போய் முதுகில் இரண்டு வைத்தாள், பிறகு அழுதாள். காலையில் புத்தி கெட்டுப்போய்ப் பேசிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே என்றாள். அவன் சட்டை ஈரமாக, ஜில்லென்று இருந்தது. முகம் மட்டும் பச்சைக் குழந்தை மாதிரி அமைதியாக இருந்தது.

"நான் எங்கயும் போகலக்கா. உன்கூடவே இருந்துடறேன்."

அவள் கேட்க ஏங்கிய வார்த்தை அதுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தபோது அவன் ஷூ கண்ணில் பட்டது. அவ்வளவு சகதியில் நடந்து வந்தவன் ஷூவில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

முன் சீட்டில் போய் உட்கார்ந்தாள். டிரைவர் சாவியைத் திருகப் போனார். கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டிவிட்டு, எப்போதும் போலத் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"எல்லாரும் வந்தாச்சா?"

"வந்தாச்சுக்கா."

அவள் கதவைத் திறந்து இறங்கினாள். சாயங்கால வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மலை மேலே, பனிக்குள்ளிருந்து, கம்மிப்போன ஒரு குரல் வந்தது.

"வால் இன்னும் அறுந்து விழலக்கா... நீ எங்கே இருக்கே?"

டிரைவரிடம் டார்ச்சை வாங்கிக்கொண்டாள். இவர்களை ஊரில் சேர்த்துவிட்டு ஆட்களைக் கூட்டிவரச் சொன்னாள். தம்பி பின்னால்தானே இருக்கிறான் என்று டிரைவர் திரும்பிப் பார்த்தார். கடைசி சீட் நனைந்திருந்தது. பின்கதவு திறந்து கிடந்தது. அவர் அவசரமாக வேனைக் கிளப்பினார்.

"அங்கயே இருடா, நான் வரேன்," என்று அவள் மலையைப் பார்த்துக் கத்தினாள். "துறைமுகத்துக்குப் போ, எங்க வேணா போ. மொதல்ல என்கூட இறங்கி வா."

கத்திக்கொண்டே ஏறினாள். முதல் திருப்பம் வந்தது. அவளுக்குப் பின்னால், வெகு பக்கத்தில், மணி அடித்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.