அடியில் ஒட்டியிருந்தது

நாலு திருகாணியையும் கழற்றி, கம்ப்யூட்டருக்குள்ளிருந்த கூலரை விசிறியோடு தூக்கித் திருப்பியபோது அதன் அடிப்பக்கம் தேவைக்கு மேல் பளபளத்தது. கூலிங்காரர் பெருவிரலால் தடவினார். நகத்தில் ஏதோ ஓரம் மாட்டியது. சட்டைப்பையில் சும்மா கிடந்த மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். செம்புத் தகட்டை முழுக்க மூடியபடி மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. ஓரத்தில் கடுகளவு சிவப்பு எழுத்தில், பொருத்துமுன் உரிக்கவும் என்று இருந்தது. அதன் மேல்தான் போன மாதம் அவர் அத்தனை பதமாகச் சூடு கடத்தும் பேஸ்ட்டைத் தடவியிருந்தார். அவருக்குக் காதெல்லாம் சுட்டது.

ஃபிரிட்ஜ், ஏசி வேலையில் இருபத்தாறு வருஷம் ஆகிறது. கூலிங்காரர் என்று பெயர் விழுந்து, சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் மிச்சம். புது ஃபிரிட்ஜ் வாங்கிய வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் கதவைத்தான் பார்ப்பார். அழுக்காகிவிடும் என்று பிளாஸ்டிக் உறையை உரிக்காமலே வைத்திருப்பார்கள். “இன்னும் எத்தனை நாளைக்கும்மா போர்த்தியே வச்சிருப்பீங்க? வாங்குனது உங்களுக்கா, அந்த உறைக்கா?” என்று கேட்டு, அவர்கள் சிரிக்கச் சிரிக்கத் தானே உரித்துப்போட்டுவிட்டு வருவார். ஊருக்குத்தான் உபதேசம்.

கம்ப்யூட்டர் அவருடையது இல்லை, அக்காவுடையது. அக்கா முப்பது வருஷம் பஸ் ஓட்டியவள். முழங்கால் இரண்டும் தேய்ந்து வண்டியிலிருந்து இறங்கிய பிறகு அவளுக்கு வீடு கொள்ளவில்லை. காய் நறுக்கும்போதுகூட வலது கால் எதையோ மிதித்துக்கொண்டிருக்கும். மலைப்பாதையில் லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்றை எங்கேயோ பார்த்துவிட்டு, “எனக்கு அது வேணும்டா தம்பி” என்றாள். ஐம்பத்தொன்பது வயதில் விளையாட்டா என்று மற்றவர்கள் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. பாகம் பாகமாக வாங்கி, தன் கையாலேயே பூட்டிக் கொடுத்தார். “கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பண்ணேன்டா” என்று அக்கா அன்றைக்கே சொன்னாள். கை பார்த்துக்கொள்ளும் என்றார் இவர்.

முதல் நாளே கோளாறு தொடங்கிவிட்டது. விளையாட்டைத் திறந்து ஐந்து நிமிஷத்தில் விசிறிகள் மாவு மில் மாதிரி இரையும். திரையில் லாரி திக்கித் திக்கி ஏறும். அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “இது ஓடுற சத்தம் இல்லடா, சூடாகித் திணறுற சத்தம். ஏத்தத்துல எத்தனை வண்டியில கேட்டிருக்கேன்” என்றாள். சூட்டைப் பார்த்தால் தொண்ணூற்றேழு டிகிரி. விசிறியை மாற்றித் திருப்பினார். வயர்களைக் கட்டினார். பெட்டியின் கதவைக் கழற்றிவைத்து எதிரில் டேபிள் ஃபேன் போட்டார். ஒன்றுக்கும் மசியவில்லை. குளிரவைப்பதே பிழைப்பாக இருக்கிறவருக்கு ஒரு உள்ளங்கை அகலத்தைக் குளிரவைக்க முடியவில்லை என்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பாகம் வாங்கிய கடையில் போய் முட்டினார். சர்வீஸ் மேசையில் கொண்டையில் பேனா செருகிய ஒரு பெண் இருந்தாள். சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அடியில ஒரு ஸ்டிக்கர் இருக்கும் சார், உரிச்சீங்களா?” என்றாள்.

அந்த ஒரு கேள்வி அவரை எங்கேயோ குத்திவிட்டது. எத்தனையோ வீடுகளில் தான் கேட்டது, இப்போது தன்னிடமே.

“உரிச்சேன்” என்றார். உரித்த ஞாபகமே இல்லை. உரிக்காத ஞாபகமும் இல்லை. வாய் முந்திக்கொண்டது.

“ஒரு தடவை கழட்டிப் பார்த்துரலாமா சார்?”

“நான் பூட்டினதை இன்னொருத்தர் கழட்ட வேண்டியதில்லை. நீ பொறக்கிறதுக்கு முன்னாடியே நான் கூலிங் வேலைக்கு வந்தவன்மா. எனக்கே ஸ்டிக்கர் பாடம் எடுக்கிறியா?”

கடையே திரும்பிப் பார்த்தது. பார்க்கப் பார்க்க அவருக்குக் குரல் ஏறியது. மட்டமான சரக்கு, விவரம் கெட்ட ஆள் என்று என்னவெல்லாமோ சொன்னார். முதலாளி ஓடிவந்து, இவர் எதிரிலேயே அவளைக் கடிந்துகொண்டார். இவர் புகார் நோட்டைக் கேட்டு வாங்கி, கொட்டை எழுத்தில் எழுதினார். கூட வந்திருந்த அக்கா வாசல் பக்கம் நகர்ந்துகொண்டாள். வெளியே வந்த பிறகு ஆட்டோவில் மட்டும், “எழுதாம வந்திருக்கலாம்டா” என்றாள்.

இப்போது அடுக்களையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. “என்னடா, சத்தத்தையே காணோம்?”

“கொஞ்சம் இரு அக்கா, பேஸ்ட் மாத்துறேன்.”

தாளை உரித்தார். ஒரு இழுப்பில் வந்துவிட்டது. நாலாக மடிக்கப் பார்த்தார், மடிந்து நிற்கவில்லை. சாம்பல் நிறப் பேஸ்ட்டோடு அப்படியே ஒரு காகிதத்தில் வைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். தகட்டைத் துடைத்து, புதுப் பேஸ்ட் வைத்து, கூலரைப் பூட்டி, சுவிட்சைப் போட்டார். லாரி மலையேறியது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். அறுபத்திரண்டு டிகிரி. விசிறி ஓடுகிறதா என்று கையை வைத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

அக்கா, கம்ப்யூட்டரோடு சேர்த்து வாங்கியிருந்த விளையாட்டு ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தாள். வளைவில் கியரை இறக்கியபோது அவள் முகம் பழைய முகமாகிவிட்டது. “வெண்ணெய் மாதிரி போகுதுடா. எங்க இருந்துச்சு கோளாறு?”

“பேஸ்ட் காஞ்சு போயிருந்துச்சு.”

“அவ்வளவுதானா? அப்போ சரக்குல குத்தம் இல்ல.” ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். “அந்தப் பொண்ணுதான் பாவம்.”

அதோடு விட்டுவிட்டாள். அவள் மேற்கொண்டு சொல்லாததெல்லாம் இவருக்கே தெரியும். பஸ் ஓட்டிய காலத்தில், ஸ்டாப்பில் நிறுத்தாமல் போனாள் என்று யாரோ ஒரு பயணி அக்காமேல் எழுதிக் கொடுத்திருந்தான். அவன் சொன்ன பஸ்ஸை அன்றைக்கு அவள் ஓட்டவே இல்லை. அது தெளிவாவதற்குள் பதினோரு மாசம் டிப்போவில் வண்டி கழுவினாள். கழுவிவிட்டு வந்த ஒரு சாயங்காலம், ஊறி வெளுத்திருந்த அவள் விரல்களைப் பார்த்து இவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: “எழுதுனவன் யாருன்னு மட்டும் தெரியட்டும்க்கா. அவன் மூஞ்சியை ஒரு தடவை பார்க்கணும்.”

சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடிப் பக்கம் திரும்பாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கடையில் அந்த மேசையில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். அவள் பெயர்கூட இவருக்குத் தெரியாது. பேனா செருகியிருக்குமே என்று தன் பிடரியைத் தொட்டுக் காட்டினார். “ஓ, அவங்களா. இப்போ பின்னாடி குடோன்ல இருக்காங்க” என்று கூப்பிட்டனுப்பினான். முழங்கை வரை அட்டைத்தூசியோடு வந்தவள் இவரைக் கண்டதும் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

“சொல்லுங்க சார். மறுபடியும் சூடாகுதா?”

 “அந்த நோட்டைக் கொடும்மா” என்றார். அவள் முகம் செத்துப்போனது. நோட்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

பக்கத்தைப் புரட்டினார். தன் கொட்டை எழுத்துக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. அதன் கீழே பொடியாக இன்னொரு கையெழுத்து இருந்தது. அதற்காகக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். ‘தவறு என்னுடையது. இனி வாடிக்கையாளரிடம் தேவையில்லாத கேள்வி கேட்க மாட்டேன்.’ அடியில் அவள் கையெழுத்து, தேதி.

பின்னால் ரெண்டு பேர் வரிசையில் நின்றார்கள். முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். “என்ன சார், மறுபடியும் புகாரா?”

“ஆமா” என்றார் கூலிங்காரர். “என் மேல.”

பையிலிருந்து தாளை எடுத்து, பிசுபிசுப்புப் பக்கம் கீழாக அந்தப் பக்கத்தின்மேல் வைத்துப் பெருவிரலால் ஓரம் ஓரமாக அழுத்தினார். நன்றாகவே ஒட்டிக்கொண்டது. நடுவில் பேஸ்ட் சதுரமாகப் படிந்த இடத்தில் இவர் எழுதியது மறைந்துபோயிற்று. மிச்ச இடமெல்லாம் கண்ணாடிபோலத் தெளிவு. அவள் எழுதிய இரண்டு வரியும் அதற்குள்ளிருந்து அப்படியே தெரிந்தன. அந்த வரிகளுக்குக் கீழே தன் தவறை எழுத, பேனாவுக்காக அவர் கையை நீட்டினார். அவள் கொண்டையிலிருந்த பேனாமேல் கையை வைத்து, உருவாமல் நின்றாள்.