வயலின் கடி

சரஸ்வதி பூஜையன்று காலை, கொலுப்படிக்குப் பக்கத்தில் கணவர் அனந்தராமன் அடுக்கியிருந்ததைப் பார்த்துக்கொண்டு கோமளம் வெகுநேரம் நின்றாள். பஞ்சாங்கம் இருந்தது. அவர் காலேஜில் பாடம் நடத்திய கெமிஸ்ட்ரி புத்தகங்கள் இருந்தன. சுருதிப் பெட்டிகூட இருந்தது. வயலின் மட்டும் இல்லை.

பூஜையில் வைத்த வாத்தியத்தை மறுநாள் விஜயதசமியன்று எடுத்து, பேருக்காவது வாசித்தாக வேண்டும். மயிலாப்பூரில் இந்த வீட்டுக்கு வாழ வந்ததிலிருந்து அவள் அதைத் தவறவிட்டதில்லை. வைக்காவிட்டால் எடுக்கவும் வேண்டாம் என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். ஆனி மாதம் ஆபரேஷனில் இடது மார்பை எடுத்த பிறகு அவள் வயலினைத் தொடவே இல்லை.

"ஏன்னா, வயலினை வெக்கலையா?"

சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "இந்த வருஷம் வேண்டாம்னு தோணித்து. ஒனக்கு எதுக்கு சிரமம்?"

"இனிமே நான் வாசிக்கப் போறதில்லைன்னு நீங்களே முடிவு பண்ணிட்டேளா?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. உள்ளே போய், பீரோ மேலிருந்த பெட்டிக்காக இடது கையை உயர்த்தினாள். காதுவரை போன கை அதற்குமேல் போகவில்லை. உள்ளுக்குள் நூல் கோத்து யாரோ கீழே இழுப்பது போலிருந்தது.

அடையாறு ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித்தரும் ஜுவேரியா முன்பே எச்சரித்திருந்தாள். "காயம் நல்லா ஆறிடுச்சு ஆன்ட்டி. இனிமே தழும்ப நீங்கதான் பழக்கணும். தொடாம விட்டீங்கன்னா இறுகிப் போயிடும். வாசனை இல்லாத க்ரீம், ரெண்டு விரல். மேலாக்க தேய்ச்சா போதாது, தோலையே மெதுவா நகர்த்தணும். தெனம் பண்றீங்கதானே?"

"பண்றேம்மா."

மற்றதையெல்லாம் கோமளம் செய்தாள். முன்பக்கம் பொத்தான் வைத்த தளர்ந்த பருத்தி ரவிக்கை, தூங்கும்போது கைக்கு அடியில் சின்னத் தலையணை, வெளியே போனால் பஞ்சு வைத்த உள்ளாடை. ஆனால் குளிக்கும்போது கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றாள். க்ரீம் மூடி திறக்காமலே இருந்தது. தடவிவிடட்டுமா என்று அனந்தராமன் ஒருமுறை கேட்டபோது கதவைச் சாத்திக்கொண்டாள். அதன்பிறகு அவர் கேட்கவில்லை.

அவள் ஸ்டூலைத் தேடும் சத்தம் கேட்டு அவரே வந்து பெட்டியை இறக்கினார். வயலினுக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, புத்தகங்களுக்கு மேலே வைத்தார்.

மறுநாள் காலை கோமளம் பாயில் உட்கார்ந்து, வயலினின் சுருள்முனையை வலது பாதத்தில் ஊன்றி, மறுமுனையை மார்போடு சேர்த்தாள். முன்பெல்லாம் அது தானே போய் அமர்ந்துகொள்ளும். இப்போது வழுக்கியது. அழுத்திப் பிடித்தால் தழும்பு சுரீரென்றது. வில்லைக் கீழே வைத்துவிட்டாள்.

விரல் தன்னையறியாமல் காறையெலும்புக்குக் கீழே போயிற்று. அங்கே அந்தக் கறுத்த காய்ப்பு இருந்தது, ஏழு வயதிலிருந்து வயலின் அழுத்தி அழுத்தி உண்டானது. கல்யாணமான புதிதில், தெப்பக்குளத்துக் காற்று ஜன்னலில் வந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், அதைக் கண்டு அனந்தராமன் பதறிப்போனார்.

"யார் அடிச்சா ஒன்னை?"

"யாரும் அடிக்கலை. வயலின் கடிச்சது."

அவர் நம்பவில்லை. வயலினை எடுத்து வைத்துக் காட்டிய பிறகுதான் நம்பினார். மோகனத்துக்கும் கல்யாணிக்கும் வித்தியாசம் தெரியாதவர். தி.நகரில் கச்சேரி முடிந்து ஸ்கூட்டரில் திரும்பும்போது, அவள் மடியில் பெட்டியோடு பின்னால் உட்கார்ந்திருக்க, அவருடைய விமரிசனமெல்லாம் ஒரே கேள்விதான்: "இன்னிக்குக் கடி பலமோ?" அந்த ஸ்கூட்டரை விற்ற பிறகும் அந்தக் கேள்வி இருந்தது. ஆனி மாதத்துக்குப் பிறகுதான் இல்லை.

தழும்பு அந்தக் காய்ப்புக்குச் சற்றுக் கீழே தொடங்கியது. விரல் அதுவரை வந்து நின்றுவிட்டது.

"ஏன்னா," என்றாள். "அந்த க்ரீமை எடுத்துண்டு வாங்கோ."

அவர் கை கழுவும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கழுவினார். வந்து எதிரே உட்கார்ந்து, "நான் பாக்கலாமா?" என்றார்.

"பாக்காம எப்படித் தடவுவேள்?"

அவள் பொத்தான்களைக் கழற்றினாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். வாசலில் பூக்காரியின் குரல் தெருமுனைவரை போய்த் தேய்ந்தது.

"கடி இன்னும் இருக்கே," என்றார் கடைசியில்.

"அது எங்க போகும்?"

அவர் விரல்கள் அங்கிருந்துதான் புறப்பட்டன. தெரிந்த இடத்திலிருந்து தெரியாத இடத்துக்கு. முதலில் கூசியது. பிறகு மரத்துக் கிடந்த ஓர் இடத்தில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு தோல் கொஞ்சம் நகர்ந்தது. அவள் குனிந்து, முதல் முறையாகத் தானும் பார்த்தாள். நீளமான ஒரு கோடு. அவ்வளவுதான்.

அவர் தம்முடைய பழைய அங்கவஸ்திரத்தை மெத்தென்று மடித்து வயலினுக்கும் அவளுக்கும் நடுவில் வைத்தார். ஒரு கீதத்தின் முதல் இரண்டு வரிதான் வந்தது, அதுவும் பிசிறோடு.

"வாசிச்சாச்சு. பீரோ மேல வெச்சுடட்டுமா?"

"வேண்டாம்," என்றாள் கோமளம். "கைக்கு எட்டற எடத்துல இருக்கட்டும். க்ரீமும்."