வலப்பக்கம் போன சொற்கள்

எங்கள் நாப்லாவின் முதல் கவிதை நூல் டப்ளினில் வெளியான வாரம், அயர்லாந்தின் டனிகால் கடற்கரையிலுள்ள எங்கள் ஊரில் கடற்பாசிக்கான ஐரிஷ் சொல் யார் வாயிலிருந்தும் வரவில்லை. இடப்பக்கம் ஐரிஷ், வலப்பக்கம் ஆங்கிலம் என்று அச்சான நூல் அது; ஆங்கிலம் இல்லாவிட்டால் வாங்க ஆளில்லை. வலப்பக்கம் போன சொல் ஊருக்குத் திரும்பவில்லை. இரண்டாவது நூலில் துடுப்பும் வலையும் போயின, மூன்றாவதில் மழையின் பாதி வகைகள். பரிசு கொடுக்க வந்த அமைச்சர் ஐரிஷில் நாலு சொல் பேசிவிட்டு மிச்சத்தை ஆங்கிலத்தில் முடித்தார். அந்த நாலு சொல் மட்டும் இன்றும் ஊரில் பத்திரமாக இருக்கின்றன, அவற்றை வைத்து யாரும் கவிதை எழுதுவதில்லை. நாங்கள் ஆங்கிலத்தை வைத்துச் சமாளித்துக்கொண்டோம்.

சமாளிக்க முடியாதவர் நாப்லாவின் அண்ணன் மானஸ். ஸ்காட்லாந்துக்கு உருளைக்கிழங்கு தோண்டப் பல பருவம் போய்வந்தும் ஆங்கிலம் அவர் நாக்கில் ஒட்டவில்லை. பாட்டன்மார் கழுத்தில் குச்சியைக் கட்டி, ஐரிஷ் பேசும்போதெல்லாம் அந்தக் குச்சியில் ஒரு வெட்டு வெட்டி, வெட்டுக்கு ஓர் அடி கொடுத்த வாத்தியார்களால் முடியாததைத் தங்கையின் புத்தகங்கள் செய்தன.

"எழுத வேணாம்னு சொல்லல. டீ கேக்கவாவது நாலு வார்த்த மிச்சம் வையி," என்றார் ஒருநாள்.

அன்றோடு அவள் எழுதுவதை விட்டாள். ஆனால் பழைய நூல்கள் மறுபதிப்பாகிக்கொண்டே இருந்தன, ஒவ்வொரு பதிப்பும் இன்னும் சில சொற்களைக் கொண்டுபோனது. கடைசியில், டீ கேட்கவும் உதவாத அமைச்சரின் நாலு சொல் போக, மானஸிடம் எஞ்சியது ஒரே சொல், சிறுவயது முதல் அவர் தங்கையை அழைத்த செல்லச்சொல். ரொட்டியையும் படகையும் முழங்கால் வலியையும் அதைச் சொல்லியே கேட்டார், காட்டினார், அழுதார். அந்தச் சொல் வரும் ஒரு கவிதையை மட்டும் நாப்லா மொழிபெயர்க்க விட்டதே இல்லை.

பெல்ஃபாஸ்டிலிருந்து டெர்வ்லா என்ற இளம் கவிஞர் தன் இருமொழித் தொகுப்புக்கு அந்தக் கவிதையைக் கேட்டு வந்தாள். ஐரிஷ் மொழிச் சட்டத்துக்காக ஊர்வலம் போனவள், ஆனால் ஐரிஷ் தெரியாது. ஐரிஷ் இருந்த நாளிலேயே, அறையில் அது தெரியாதவர் ஒருவர் இருந்தால் அத்தனை பேரும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவோம். எங்கள் ஊர் மரியாதை அது.

"எங்க வீட்டுப் பெரியவங்கள அடிச்சே அந்த மொழிய மறக்க வச்சாங்க அக்கா. வலப்பக்கம் இல்லாம எங்க பிள்ளைங்க அந்த மொழிக்குள்ள எப்படி வரும்?" என்றாள் டெர்வ்லா.

நாப்லா அண்ணனைப் பார்த்தாள். என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் அவர் விருந்தாளிக்கு ரொட்டியை நகர்த்தி வைத்தார். மொழி தெரியாமல் வந்து நிற்பவரிடம் முடியாது என்று சொல்ல எங்களில் யாருக்கும் வராது.

"சரிம்மா, எடுத்துக்கோ," என்றாள்.

தொகுப்பு வசந்தத்தில் வந்தது. அன்று காலை மானஸ் தங்கையை அழைக்க வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். பார்த்துக்கொண்டிருந்த எங்களிடம் அவளைத் திட்ட ஆங்கிலம் மட்டுமே இருந்தது. இப்போது நாப்லா தினமும் டீயோடு உட்கார்ந்து அந்தக் கவிதையை அவருக்கு வலப்பக்கத்திலிருந்து வாசிக்கிறாள். அது யாரைப் பற்றியது என்று அவருக்குத் தெரியாது. அவள் முடிக்கும்வரை மரியாதைக்கு உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து படகைப் பார்க்கப் போகிறார்.