முன்னறையைத் திருப்பிக் கொடுத்தவள்

மில்லில் கதவடைத்து இரண்டு மாதமாகியும், இராமதாஸ் முன்னறை நாற்காலியில் கால்மேல் கால் போட்டுத்தான் உட்காருவான். அறை என்றால் பெரிய அரண்மனை இல்லை. தெருவைப் பார்த்த பச்சை இரட்டைக் கதவு, இரண்டு நாற்காலி, ஒரு காலண்டர். ஆனால் அவனோடு தறி ஓட்டுகிற ஒருவனுக்கும் தெருவாசலோடு வீடு கிடையாது. அந்தப் பவிசை அவன் லேசில் விடுவானா?

அவன் பெண்சாதி தையல்நாயகிக்கு மூன்றாவது பிள்ளை வயிற்றில், ஏழு மாதம். மூத்தது இரண்டும் பள்ளிக்கூடம் போகின்றன. அரிசிக்கடைக்காரர் இப்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்க்காமலே அரிசி அளக்கிறார். பால்காரி வாசலோடு போய்விடுகிறாள். மில் எப்போது திறக்கும் என்று கேட்டால், யூனியன்காரர்கள் வானத்தைப் பார்க்கிறார்கள்.

"ராஜாங்கத்துகிட்ட ஐநூறு கேட்டிருக்கேன்," என்றான் இராமதாஸ் ஒருநாள், சாப்பிட்டுக் கை கழுவும்போது. "நாளைக்குச் சாயங்காலம் வீடு பாக்க வர்றேன்னிருக்காரு."

ராஜாங்கத்தை அறியாதவர் மில்லில் உண்டா! சம்பள நாளன்று கேட்டுக்கு எதிரே குடையோடு நிற்பான். பெண் பார்க்க வருகிற மாதிரி வந்து, வீட்டைப் பார்த்து, காபி குடித்துவிட்டுத்தான் பணம் கொடுப்பான். ரூபாய்க்கு மாதம் பத்துப் பைசா வட்டி. முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டுதான் கையில் வைப்பான். இராமதாசின் கூட்டாளி சாமிக்கண்ணு மகள் காதுகுத்துக்கு இருநூறு வாங்கி இரண்டு வருஷமாகிறது. வட்டி போய்க்கொண்டே இருக்கிறது, இருநூறு அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

"ஐநூறுக்கு மாசம் அம்பது வட்டி," என்றாள் தையல்நாயகி. "நம்ம வீட்டு வாடகையே அறுபதுதான். அந்த ஆளுக்கு ஒரு வாடகை கட்டினா, அது யாரு குடியிருக்கற வீட்டுக்குய்யா?"

"மில்லு தொறந்துட்டா ஒரே மாசத்துல அடைச்சுடுவேன்."

"சாமிக்கண்ணு அண்ணனும் அப்படித்தான் சொல்லிச்சு."

"அப்ப நீயே வழி சொல்லேன், பெரிய கலெக்டரு!"

சொன்னாள். வீட்டுக்காரர் முசே ஜூலிடம் அறுநூறு ரூபாய் அட்வான்ஸ் சும்மா கிடக்கிறது. முன்னறையைத் திருப்பிக் கொடுத்தால் பாதி கைக்கு வரும். வாடகையும் பாதியாகும். பின்கட்டு அறையும் சமையல் தாழ்வாரமும் போதும், சந்து வழியாகப் போய் வரலாம்.

இராமதாஸ் துண்டை உதறித் தோளில் போட்டான். "குடும்பம் பெருகற நேரத்துல வீட்டைச் சுருக்கறவளை எங்கனா பாத்திருக்கியா? நாலு பேர் வந்தா எங்க உக்கார வெப்பேன்? வாயை மூடிக்கினு வேலையப் பாரு."

அவள் வாயை மூடிக்கொண்டாள். வேலையைப் பார்த்தாள். என்ன வேலை என்றுதான் அவன் கேட்கவில்லை.

மறுநாள் அவன் யூனியன் கூட்டத்துக்குக் கிளம்பியதும், மாடிப்படி ஏறி முசே ஜூல் முன்னால் போய் நின்றாள். பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து பென்ஷன் வாங்குகிறவர்; அதனால்தான் ஐயாவுக்குப் பதில் 'முசே'. அவர் தம்பி மகள் ஜிஸ்லேன், தெருப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லித்தர இடமில்லாமல், மாடி வராந்தாவில் வெயிலில் காய்வது தையல்நாயகிக்குத் தெரியும்.

"முன்னறை வேணுமா முசே? இன்னைக்கே தர்றேன். எங்க முந்நூறு ரூபாயும் இன்னைக்கே வேணும்."

முசே ஜூல் சுருட்டை எடுத்தார். "பா பொசிப்ல்! முடியாதும்மா, மாசம் பொறக்கட்டும். உன் புருஷன் வந்து சொல்லட்டும்."

"வாடகை நின்னுபோச்சுன்னு போன வாரம் எங்கிட்டதான கேட்டீங்க? அப்ப மட்டும் நான் போதுமா?"

பின்னாலிருந்து அவர் மனைவி அஞ்செல் அம்மாள் பக்கென்று சிரித்துவிட்டாள். சிரித்ததோடு நிற்காமல் பீரோ சாவியையும் எடுத்துவந்து புருஷன் மடியில் போட்டாள். அதற்குப் பிறகு முசே என்ன பேசுவார், பாவம்! பாக்கி வாடகையைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார். மத்தியானத்துக்குள் நாற்காலிகள் பின்கட்டுக்குப் போயின, முன்னறையில் பெஞ்சுகள் வந்து உட்கார்ந்தன.

பயமே இல்லை என்று சொன்னால் பொய். புருஷனிடம் எப்படிச் சொல்வது என்று பத்து விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு தாழ்வாரத்தில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். அவன் முன்கூட்டியே தனியாக வருவான் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. ராஜாங்கத்தை நேரே கையோடு அழைத்துக்கொண்டு வந்துவிட்டான்.

"இதான் நம்ம வீடு, வாங்க," என்று பெருமையாகப் பச்சைக் கதவைத் தள்ளினான். உள்ளே பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, "அன், தெ, த்ருவா" என்று கோஷ்டியாகப் பிரெஞ்சில் எண்ணிக் கத்திக்கொண்டிருந்தன. ஜிஸ்லேன் கையில் சாக்பீஸோடு திரும்பி, ராஜாங்கத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"தையல்நாயகி அக்கா வீடா? இனிமே சந்து வழியா போகணுங்க."

இராமதாசின் முகத்தில் ஈயாடவில்லை. ராஜாங்கம் குடையை மடக்கிக்கொண்டு, சந்தின் சாக்கடையை வேட்டி படாமல் தாண்டி, பின்கட்டுக்கு வந்தான். ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிய பெட்டிகளையும் தலைகீழாய்க் கிடந்த நாற்காலிகளையும் பார்த்தான். தையல்நாயகி எழுந்து நின்று, "காபி போடட்டுங்களா?" என்றாள். நிஜமாகவே கேட்டாள்.

"வேணாம்மா." அவன் இராமதாஸ் பக்கம் திரும்பினான். "தெருவாசல் வீடுன்னு சொன்னியேய்யா! இந்த மூலையில வந்து நின்னு நான் சத்தம் போட்டா எவன் காதுல விழும்? நாலு பேர் பாக்கணும், மானத்துக்குப் பயந்து எடுத்து வெக்கணும். அதுக்குத்தான் வீடு பாக்கறது. போய்யா, பொழுதைக் கெடுத்துட்ட."

போய்விட்டான். அடப்பாவி! அவன் அடகு பிடிக்க வந்தது அந்த வாசலைத்தான் என்று அப்போதுதான் தையல்நாயகிக்கே விளங்கிற்று. பணத்துக்காக அறையைக் கொடுத்தவளுக்கு, அறையோடு கைகழுவியது எவ்வளவு பெரிய தொல்லை என்று அவன் வாயாலேயே தெரிந்தது.

இராமதாஸ் அடிக்கவில்லை, திட்டவில்லை. "என் மானத்தை வாங்கிட்ட," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனான். அதற்கப்புறம் வீட்டில் அவனுக்கும் பேச்சுக்கும் சம்பந்தமே இல்லாமல் போயிற்று. அவளுக்கு நெஞ்சு எரிந்தது. ஒரு தரம் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து நன்றாக அழுதாள். ஆனால் செய்ததை நினைத்து அழவில்லை, அவன் பேசாததை நினைத்துத்தான் அழுதாள். அழுது முடித்து, முகம் கழுவி, அரிசிக்கடைப் பாக்கியைத் தீர்த்துவிட்டு வந்தாள். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, "எப்பம்மா பிரசவம்?" என்று கேட்டார்.

உட்கார முன்னறை இல்லாதவன் எத்தனை நாள் சும்மா இருப்பான்? ஒரு விடியற்காலை இராமதாஸ் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான், பனியனோடு சைக்கிளை எடுத்தான். தவளக்குப்பம் சந்தையில் மூட்டை இறக்கப் போனான் என்று சாயங்காலம் அவன் கொண்டுவந்த கத்தரிக்காயைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். "குழம்பு வெய்யி புள்ள," என்றான். அதுதான் 'மானத்தை வாங்கிட்ட' என்றதற்குப் பிறகு அவன் பேசிய முதல் பேச்சு. அன்றைக்குக் குழம்பில் உப்பு கூடிப்போயிற்று. அவன் இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டான்.

மில் திறந்து முதல் சம்பளம் போட்ட அன்று தையல்நாயகி பிரசவ ஆஸ்பத்திரியில் இருந்தாள். பெண் குழந்தை, நல்ல கறுப்பு, நல்ல குரல். இருட்டுவதற்குள் இராமதாஸ் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். சம்பளக் கவரைப் பிரிக்காமலே அவள் பக்கத்தில் வைத்தான்.

"என்னய்யா, குழந்தையப் பாக்காம கவரைப் பாக்கற?"

"சாமிக்கண்ணு கவரை கேட்டுலயே பிரிச்சான் புள்ள. ராஜாங்கம் எண்ணி எடுத்துக்கினு, மீதிச் சில்லறைய அவன் கையில கொட்டினான். நாலு மாச வட்டி நின்னுபோச்சாம், வட்டிக்கு வட்டி வேறயாம். எல்லாரும் பாத்துக்கினு நின்னோம். அவன் சில்லறைய எண்ணக்கூட இல்ல." இராமதாஸ் கவரை அவள் பக்கமாக இன்னும் தள்ளினான். "நானும் அந்த வரிசையில நின்னிருப்பேன். நீ இல்லன்னா நின்னிருப்பேன்." பெரிய மீசைக்காரன், பக்கத்துக் கட்டில்காரிகள் பார்க்கப் பார்க்க அழுதான்.

தையல்நாயகிக்கும் கண் நிறைந்தது. இந்த ஒரு வார்த்தைக்காக அவள் எத்தனை நாள் காத்திருந்தாள்! ஆனால் அவள் கேட்டது வேறு.

"அந்த அண்ணன் வீட்டுல இன்னைக்கு அடுப்பு எரியுதா?"

அவள் கவரைப் பிரித்து ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினாள்.

"கொண்டு போய்க் குடு. சும்மான்னு சொல்லாத, வாங்காது. கடன்னே சொல்லிக் குடு. வட்டி கிடையாதுன்னு சொல்லு."

இராமதாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நோட்டை வாங்கினான். பிறகு கவருக்குள் கைவிட்டு அவனாகவே இன்னொரு பத்தையும் எடுத்துக்கொண்டு எழுந்தான்.