நாங்குநேரி ஆளு ஏறாதீங்க

"20.11.2025, வியாழன். இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். பேசிக்கொண்டிருந்த பிள்ளையைப் பேசச் சொன்னேன்."

எழுதிவிட்டு 'சின்ன' என்பதை முஃபீதா அடித்தாள். அடித்தது மிகையோ என்று தோன்ற, மறுபடி எழுதினாள். மாலை வகுப்பு தொடங்க இன்னும் நேரமிருந்தது. மழலையர் கல்வி படிக்கிறவர்கள் அன்றன்று பள்ளியில் கண்டதை எழுதி வர வேண்டும். கண்டதை எழுத அவளுக்குச் சிரமமில்லை. கெடுத்ததை எழுதத்தான் கை வரவில்லை.

தச்சநல்லூரில் அவள் உதவி ஆசிரியையாக இருக்கும் மழலையர் பள்ளியில் முத்துராணி ஜூன் மாதம் சேர்ந்தாள். நாலு வயது. சேர்ந்த நாளிலிருந்து பள்ளிக்குள் ஒரு வார்த்தை பேசியதில்லை. "இந்த வெள்ளிக்கெழம வரைக்கும் பாப்போம். பேசலைன்னா அடுத்த வருசம் கொண்டாரச் சொல்லிருவோம்" என்று தலைமையாசிரியை சாரம்மாள் முடிவாகச் சொல்லிவிட்டார். பிள்ளை வீட்டில் இருந்தால் அவள் அம்மா தனலட்சுமி ஜவுளிக்கடை வேலையை விட வேண்டியதுதான்.

அதனால் முஃபீதா திங்கட்கிழமையே ஒரு மளிகைக்கடை விளையாட்டு போட்டாள். பொம்மைத் தராசு, தேங்காய்ச் சிரட்டைகள், புளியங்கொட்டை. முத்துராணிதான் கடைக்காரி. விலை கேட்டால் சொல்லித்தானே ஆக வேண்டும்? அவள் சொல்லவில்லை. புளியங்கொட்டையை அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தாள். மறுநாளும் அதே கதை, அதற்கு மறுநாளும். எவ்வளவு ஒழுங்காகத் திட்டம் போட்டாலும் பிள்ளைகள் அதற்குள் அடங்க மாட்டேன் என்கிறார்கள்.

இன்று கடையே கலைந்து கிடந்தது. வகுப்புப் பையன் சுஹைல் நாற்காலிகளை இரண்டிரண்டாக இழுத்துப் போட்டு, தராசுத் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு, "நாகர்கோயில்! நாகர்கோயில்!" என்று கத்தினான். முஃபீதாவுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. சிரட்டைகளைப் பொறுக்கக் குனிந்தாள். பின்னாலிருந்து ஒரு குரல்.

"நாங்குநேரி ஆளு ஏறாதீங்க! வண்டி பைபாஸ்ல போவுது! எறங்கு, எறங்கு!"

முத்துராணி. கையை விரித்து, ஏற வந்த சிறுமி ஹனீனை மறித்துக்கொண்டு நின்றாள்.

"நாந்தான் டிக்கெட் எடுப்பேம்லா?" என்றாள் ஹனீன்.

"எடுத்தாலும் ஊருக்குள்ள போவாது. பின்னால வார வண்டியில வா."

சனிக்கிழமைதோறும் அம்மாவோடு, நாகர்கோயில் போகும் வழியிலுள்ள சொந்த ஊரான நாங்குநேரிக்குப் போகப் பேருந்து நிலையத்தில் நின்று, நாகர்கோயில் வண்டி நடத்துநர்களிடம் அவள் கேட்ட வார்த்தைகள். நடத்துநரின் சலிப்புகூட அப்படியே இருந்தது.

அந்த இடத்தில் சும்மா இருந்திருக்கலாம். முஃபீதா ஓடிப்போய்ச் சாரம்மாளைக் கூட்டி வந்தாள். "முத்து, இப்பச் சொன்னியே, அதை இன்னொரு தடவ சொல்லு. பஸ்சுல எத்தனை பேரு? டிக்கெட் எவ்வளவு?"

முத்துராணியின் கைகள் இறங்கின. வாய் இறுகிப்போனது.

"எங்க பேசுதாம்மா? ஒங்காதுக்கு மட்டுந்தான் கேக்கும் போல" என்று சாரம்மாள் திரும்பி நடந்தார்.

"கண்டக்டர்ட்ட யாராவது இப்பிடிக் கேப்பாங்களா? நல்லா ஓடிட்டு இருந்த வண்டிய கெடுத்துட்டீய டீச்சர்!" சுஹைல் ஸ்டியரிங்கை வீசி எறிந்தான்.

பிள்ளையை அழைத்துப்போக வந்த தனலட்சுமி வழக்கம்போலக் கேட்டாள். "இன்னைக்காவது வாயத் தொறந்தாளா டீச்சர்? வீட்டுல காது புளிக்கப் பேசுதா."

"பேசினா. நாங்குநேரி ஆளுவள வண்டியில ஏத்த மாட்டாளாம்."

தனலட்சுமி வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும், "பெரிய டீச்சர் கேட்டாவளா?" என்றாள். முஃபீதா பையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள்.

இப்போது வகுப்பில் ஒவ்வொருவராக வந்து உட்கார ஆரம்பித்தார்கள். நாளைக்குச் சுஹைல் பேருந்தை விட்டுவிட்டுக் கப்பல் ஓட்டினால் என்ன செய்வது? பேருந்தையே ஓட்டு என்று அவனுக்கு உத்தரவு போடவும் முடியாது. அவள் மீதியை எழுதினாள்.

"நாளை, வெள்ளி: வந்ததும் நாற்காலிகளை இரண்டிரண்டாகப் போட வேண்டும். சாரம்மாள் டீச்சரைக் கடைசி நாற்காலியில் உட்காரச் சொல்ல வேண்டும். பேச வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். நான் ஏறி, நாங்குநேரிக்கு ஒரு டிக்கெட் கேட்க வேண்டும்."